சொலெயாவில் எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி கேட்கிறது: எதை மாற்றுவது?

வளவுக்கிதார் (காரைக்குடி)

மூன்று வருடமாக ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிதார் பழகுகிறேன். ஆசிரியர் இல்லை, வீடியோ பார்த்துத்தான். 12 அடி கொம்பாஸ் (தாளச் சுற்று) இப்போது தவறுவதில்லை. 3, 6, 8, 10, 12-ல் அழுத்தம் சரியாக விழுகிறது. ரஸ்கெயாதோவில் (விரல்களை வரிசையாக விரித்துக் கம்பிகளை அடிப்பது) நான்கு விரலும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஆனால் பத்து நிமிடம் சொலெயா என்ற மெதுவான ஃபிளமெங்கோ வகையை வாசித்தால் முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் வித்தியாசமே இல்லை.

போன வாரம் வளவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா வெற்றிலை மடித்துக்கொண்டே, "ஏன்யா, போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போறியே" என்றார்கள். சொலெயா என்ற பேரே அவர்களுக்குத் தெரியாது. காது சொல்லிவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

புது ஃபல்செத்தா (கிதார் மட்டும் வாசிக்கும் சிறு மெட்டு) நாலைந்து கற்றுப் பார்த்தேன். மெட்டு மாறுகிறது, நடை மாறவில்லை. வேகத்தைக் கூட்டினால் தாளம் ஓடிவிடுகிறது. வீடும் ஒரு சிக்கல்: கீழே ஆத்தங்குடிப் பூக்கல், சுற்றிலும் பளபளவென்று சுண்ணாம்புச் சுவர். ரஸ்கெயாதோ எதிரொலித்து ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லயப்பித்தன் (தேவகோட்டை)

தம்பி, நான் எட்டு வருடம் மிருதங்கம் படித்துவிட்டுக் கிதாருக்கு வந்தவன். நீங்க மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பிறந்த ஊர்க்காரர், அதனால் சொல்கட்டிலேயே (தாளத்தை வாயால் சொல்லும் சொற்கள்) சொல்கிறேன்.

12-ல் ஆரம்பித்துச் சொல்லிப் பாருங்க: தகிட தகிட தக தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. புலெரியாஸ் என்ற வேகமான வகை இதுதான். அதே வட்டத்தை 8-ல் ஆரம்பிங்க: தக தக தகிட தகிட தக. செகிரியா என்ற இன்னொரு வகை வந்துவிட்டது. இதை முதல் முறை வாயால் சொல்லிப் பார்த்த அன்றைக்கு நான் கிதாரையே தொடவில்லை, தெருவில் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்க சிக்கல் அடிக்கு உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நாலு நாலாகவே வைக்கிறீங்க என்று நினைக்கிறேன். அடி அசையக் கூடாது, உள்நடை மாறலாம். 1 முதல் 3 வரை நாலு. 4 முதல் 6 வரை அல்சாபுவா: கட்டைவிரல் கீழே, கீழே, மேலே, அடிக்கு மூன்று, அதாவது திஸ்ரம். 7-லும் 8-லும் ஐந்து: சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி நாலும் கீழே, ஆள்காட்டி மட்டும் திரும்ப மேலே. கண்டம். ஃபிளமெங்கோ ட்ரெமோலோவும் (ஒரே கம்பியை விரல் மாற்றி மாற்றி வேகமாக மீட்டுவது) கட்டைவிரலைச் சேர்த்து ஐந்துதான். கிளாசிக்கல்காரர்கள் நாலு வைப்பார்கள்.

அப்புறம் முடிக்கிற இடம். நான் இரண்டு வருடம் எல்லாவற்றையும் கோர்வை (மிருதங்கத்தில் முடிக்கும் தாளக்கட்டு) போல இழுத்துக்கொண்டுபோய் 1-ல் இறக்கிக்கொண்டிருந்தேன். பெரிய தப்பு. சொலெயாவில் வாக்கியம் 10-ல் முடிகிறது. இ (E) சுரத்தை ஆதாரமாக வைத்து வாசித்தால் 3-ல் எஃப் (F) கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, வரும், 10-ல் இ-க்கு வந்து அமரும். 11-ஐயும் 12-ஐயும் சில சுற்றுகளில் காலியாக விடுங்க. விரலால் கிதார் பலகையில் ஒரு கோல்பே (தட்டு) போதும்.

சதங்கை (புதுவயல்)

லயப்பித்தன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒரே சுற்றுக்குள் மூன்று நடையையும் போடச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சிக்கு ஆகும், வாசிப்புக்கு ஆகாது. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறேன். காலுக்கு ஒரு நடை பிடிபட இரண்டு மூன்று சுற்றாவது வேண்டும், அப்புறம்தான் மாற்றம் மாற்றமாகத் தெரியும். ஃபிளமெங்கோ கிதாரும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்ததுதானே.

தம்பி, கொஞ்ச நாள் கிதாரை ஓரமாக வைத்துவிட்டுக் கை தட்டுங்கள். பால்மாஸில் (ஃபிளமெங்கோ கைதட்டல்) சோர்தாஸ் என்றால் இரண்டு உள்ளங்கையையும் குழித்துத் தட்டுவது, சத்தம் அமுங்கி வரும். கிளாராஸ் என்றால் விரல்கள் மட்டும் உள்ளங்கையில் பட வேண்டும், சுள்ளென்று இருக்கும். ஒருவர் அடியில் தட்ட, இன்னொருவர் இரண்டு அடிக்கு நடுவில் தட்டுவார். கும்மியடித்து வளர்ந்த வீட்டில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. உங்கள் அப்பத்தாவைக் கேளுங்கள்.

பெட்டகம்

எதிரொலிக்கு: தரையில் கனமான ஜமுக்காளம் விரித்து, முகப்புத் திண்ணைக்கு இடம் மாறுங்க. இடக்கைச் சுண்டுவிரலைக் கம்பிகள் மேல் படுக்கவைத்துச் சத்தத்தை வெட்டிப் பழகுங்க, வெட்டும் இடமும் தாளம்தான்.

மெட்ரோனோமை (தாளம் அடிக்கும் கருவி) 12, 2, 4, 6, 8, 10-ல் மட்டும் அடிக்க வைத்துப் புலெரியாஸ் வாசிங்க. அடுத்து 12, 3, 6, 9. அதே ஃபல்செத்தா வேறு ஆளாக வந்து நிற்கும். கூட யாராவது மரப்பெட்டியில் தட்டினால் இன்னும் நல்லது. கஹோன் என்ற பெட்டி வாத்தியமே அப்படி வந்ததுதான்: 1970களின் கடைசியில் ஸ்பெயின் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா பெரு நாட்டில் அந்தப் பெட்டியைக் கேட்டு ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தார்.

வளவுக்கிதார் (காரைக்குடி)

ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சதங்கை ஆச்சி சொன்னபடி ஐந்து நாள் கிதாரைத் தொடவில்லை. அப்பத்தாவிடம் தகிட தகிட தக தக தக என்று சொல்லிக்காட்டினேன். இரண்டு சுற்று கேட்டார்கள், மூன்றாவதில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் குழித்த கையில். நான் நடுவில் தட்டினேன். தடுமாறியது நான்தான்.

நேற்றுத் திண்ணையில் சொலெயா. நாலு சுற்று நாலிலேயே ஓட்டி, அடுத்த மூன்று சுற்று அல்சாபுவாவில் திஸ்ரம். 10-ல் நிறுத்தி 11, 12-ஐ விட்டேன். அந்தக் காலியிடத்தில் அப்பத்தா தானாக ஒரு தட்டுத் தட்டினார்கள். உடம்பு சிலிர்த்துவிட்டது.

லயப்பித்தன் அண்ணே, ஐந்தில் மட்டும் ஆள்காட்டி மேலே வரும்போது சத்தம் செத்துப்போகிறது. மணிக்கட்டைத் திருப்ப வேண்டுமா, விரலை மட்டுமா?