'அரைத் தானியங்கி'க்கு மாற்றாகத் 'தானேற்றி'

குழுமத்தாருக்கு வணக்கம்.

ரெமிங்டன் மாடல் 8 என்ற பழைய வேட்டை ரைஃபிளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் என்பதற்கு எல்லோரும் போடும் 'அரைத்தானியங்கி'யை நானும் போட்டேன். படித்த என் மனைவி, "மாவு மில்லைப் பற்றியா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டாள். அரை, தானியம் என்று அவள் கண் பிரித்துவிட்டது.

கேலிக்குப் பயந்து மட்டும் நான் அந்தச் சொல்லை ஒதுக்கவில்லை. வின்செஸ்டர் நிறுவனம் 1903இல் டி. சி. ஜான்சன் வடிவமைத்த ஒரு ரைஃபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் பாயும். ஆனாலும் அதற்கென்றே செய்த தோட்டாவின் பெயர் '.22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக்'. அதாவது, அந்தக் காலத்தவருக்கு அது முழு ஆட்டோமேட்டிக்! சரசரவென்று சுட்டுத்தள்ளும் துப்பாக்கிகள் பெருகி, ஆட்டோமேட்டிக் என்றாலே அவைதான் என்று ஆன பிறகு இதன் தலையில் 'அரை' ஏறியது. நாமோ ஒன்றைக் குறைத்துச் சொல்லும் அந்தப் பெயரை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறோம்.

வின்செஸ்டரின் அடுத்த மாடல்கள் 1905, 1907, 1910 ஆகிய ஆண்டுகளில் 'செல்ஃப் லோடிங்' என்ற பெயரோடு வந்தன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரைஃபிளை ரெமிங்டன் 1906இல் 'ஆட்டோலோடிங் ரைஃபிள்' என்று விற்றது. 1911இல்தான் அது மாடல் 8 ஆயிற்று. போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கின்றன: இது தானாகச் செய்வது தோட்டா ஏற்றும் வேலையை.

மாடல் 8ஐப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வெளியே தெரியும் தடித்த குழாய் வெறும் உறை. உண்மையான குழல் அதற்குள் இருக்கிறது. சுட்டதும் குழலும், அதன் பின்வாயை அடைக்கும் தாழும் (போல்ட்) பூட்டியபடியே, தோட்டாவின் நீளத்துக்கும் கூடுதலாகப் பின்னால் ஓடும். தாழ் அங்கேயே பிடிபட்டு நிற்க, சுருள்வில் தள்ளக் குழல் மட்டும் முன்னே போகும். அந்த இடைவெளியில் வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். அதன் பிறகு தாழ் விடுபட்டு, கீழே காத்திருக்கும் அடுத்த தோட்டாவை முன்னே தள்ளிச் சென்று பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், மீண்டும் சுட விரல் வேண்டும். இதில் அரைகுறையாக எது நடக்கிறது?

ஆகவே என் முன்மொழிவு: தானேற்றி. தான் + இயங்கி = தானியங்கி என்றால், தான் + ஏற்றி = தானேற்றி. அச்சு பழகியது, வார்ப்பு மட்டும் புதிது. 'தன்னேற்று' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். இலக்கணம் படித்தவர் அதைத் 'தன் நேற்று' என்று பிரித்துவிடுவார் என்று கைவிட்டேன்.

மறுமொழி 1

ஐயா, மில் நகைச்சுவை நன்று. ஆனால் ஓர் இடறல். இயந்திரத் துப்பாக்கியும் தானாகத்தானே தோட்டா ஏற்றிக்கொள்கிறது? அதையும் தானேற்றி என்று அழைக்கலாம் அல்லவா? 'அரை' அசிங்கமாக இருந்தாலும் வேறுபாட்டைக் காட்டுகிறது.

இன்னொன்று, 'தாழ்'. பிரௌனிங்கின் துப்பாக்கியில் அது பூட்டுகிறது, சரி. ஜான்சனின் ரைஃபிள்களில் பூட்டே கிடையாது. பின்பக்கத்தைக் கனமான இரும்பு வெறுமனே அடைத்துக்கொண்டு நிற்கும். வெடியின் உதைப்பு அந்தக் கனத்தைப் பின்னே தள்ளும். தாழிடாத ஒன்றைத் தாழ் என்பது எப்படி?

மறுமொழி 2

அம்மா, முதல் கேள்விக்கு: ஏற்றவும் செய்து சுடவும் செய்தால் அது தானியங்கி, பெரிய வேலையை வைத்துப் பெயர். ஏற்றுவதோடு நின்றால் தானேற்றி. கணினியையும் கால்குலேட்டரையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே. ஆயுதச் சட்டம் போன்ற இடங்களில் ஐயத்துக்கு இடம் தரக்கூடாது என்றால் 'ஒற்றைச்சூட்டுத் தானேற்றி' என்று விரித்து எழுதலாம்.

இரண்டாவதில் தோற்றேன். பின்னணி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வின்செஸ்டருக்குப் பல ஆண்டுகள் வடிவமைத்துக் கொடுத்த பிரௌனிங், தானேற்றி ஷாட்கன் ஒன்றுக்கு விற்பனையில் பங்கு கேட்டார். வடிவமைப்புகளை ஒரே தொகை கொடுத்து முழுதாக வாங்கிப் பழகிய கம்பெனி மறுத்தது. 1902இல் அவர் ரெமிங்டன் தலைவர் ஹார்ட்லியைச் சந்திக்கப் போய்க் காத்திருந்தபோது, உள்ளேயிருந்து வந்தது ஹார்ட்லி இறந்த செய்தி. பிறகு கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்என் என்ற துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போனார். வின்செஸ்டரில் இருந்த ஜான்சனின் வழியோ வேறு. அதுதான் பூட்டில்லாத அந்தக் கனத்த இரும்பு. தோட்டாவின் வலிமை கூடக்கூட அந்த இரும்பின் எடையும் கூடியாக வேண்டும் என்பது அவர் கொடுத்த விலை.

எனவே பிரௌனிங்கினுடையதற்குத் தாழ், ஜான்சனுடையதற்கு அடைப்பான் என்று மாற்றிக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் போல்ட் ஒன்றே. நாம் பிரித்துச் சொன்னால் குற்றமில்லை. குழலும் சேர்ந்து ஓடும் அந்த முறைக்கு 'குழலோட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். பொருந்தவில்லை என்றால் சொல்லுங்கள். கட்டுரையை ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டும்.