பொறுமை இருந்தால் ரேஸில் ஜெயிக்க முடியுமா?

கேலரி_குமார்
குதிரை ரேஸ் முழுக்க அதிர்ஷ்டம், பணம் கட்டுகிறவன் எல்லாம் முட்டாள் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். 1996இல் உச்ச நீதிமன்றமே இது திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டது, அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்கில். என் பார்வையில், தோற்கிறவர்களில் பாதிப் பேர் குதிரை தெரியாமல் தோற்பதில்லை, சும்மா உட்காரத் தெரியாமல்தான் தோற்கிறார்கள். எட்டு ரேஸ் ஓடினால் எட்டிலும் கட்டியாக வேண்டும் அவர்களுக்கு. நான் முந்தின நாள் ராத்திரியே குதிரைகளின் விவரம் இருக்கிற ரேஸ் புக்கைப் படித்து, எந்தக் குதிரைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று நோட்டில் எழுதிவிடுவேன். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று எழுதிய குதிரைக்கு 4/1 (ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய் லாபம்) கிடைத்தால் கட்டுவேன், 2/1க்கு இறங்கிவிட்டால் எவ்வளவு பிடித்த குதிரையாக இருந்தாலும் தொடமாட்டேன். ஒழுக்கம் இருந்தால் இதில் காசு பார்க்கலாம்.

மாம்பலம்_கணக்கு
குமார் அண்ணே, உங்க உதாரணத்தையே எடுத்துக்கலாம். 100 ரூபாய் 4/1இல் கட்டினால் ஜெயிக்கும்போது 500 கையில் வரும், அதனால் ஐந்தில் ஒரு தடவை ஜெயித்தாலே கையைக் கடிக்காது, நீங்க நாலில் ஒன்று என்று நினைக்கிறீங்க, ஆக லாபம். இதுவரை சரி. ஆனால் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28இலிருந்து 40 சதவீதம் ஆனது, அதுவும் லாபத்துக்கு இல்லை, கட்டுகிற முழுத் தொகைக்கும். 100 ரூபாய்க்குக் கட்ட 140 கொடுக்கிறீங்க. 140 போட்டு 500 எடுக்க 28 சதவீத வாய்ப்பு வேண்டும். உங்க 25 சதவீதக் குதிரை நஷ்டக் குதிரை! ஈவன் மணிக் குதிரை (கட்டிய அளவே லாபம் தருவது) என்றால் இன்னும் மோசம், பத்தில் ஏழு தடவை ஜெயித்தால்தான் போட்ட காசு திரும்பும். பத்தில் ஏழு ஜெயிக்கிற குதிரைக்கு எவன் ஈவன் மணி தருவான்?

ஓசூர்_ஓரமாக
அதனால்தான் வரி இல்லாத புக்கியிடம் போகிறார்கள் 😀

மாம்பலம்_கணக்கு
அது சட்டவிரோதம் என்பது ஒருபக்கம். அங்கே கடனுக்குக் கட்டலாம் என்பதுதான் பெரிய வினை. கையில் காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியவன், போனில் இன்னும் நாலு ரேஸ் கட்டுவான். ஒழுக்கம் பேசுகிற ஆளுக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

கேலரி_குமார்
கடனுக்குக் கட்டு என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? பணத்தை முன்னாடியே ஒதுக்கிவிட வேண்டும், விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டக் கூடாது. இதுதானே ஒழுக்கம்.

பழைய_புக்
விட்டதைப் பிடிக்கிற கதை புதிதல்ல. மக்லாத்லின் என்கிற அமெரிக்கர் 1956இலேயே பந்தய முடிவுகளை அலசி, கடைசி ரேஸில் ஜனங்கள் ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த குதிரைகள் பக்கம் அதிகம் சாய்கிறார்கள் என்று காட்டினார். ஒரே அடியில் அன்றைய நஷ்டத்தைத் தீர்க்கிற ஆசை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். குமார் கடைசி ரேஸுக்கு முன்னால் எழுந்து போகிற ஆள் என்றால் பாராட்டலாம், ஆனால் அதனால் நஷ்டம் குறையும், லாபம் வராது. இரண்டும் வேறு வேறு.

ஜெயித்த ஆள் யார் என்று கேட்டால் ஹாங்காங்கில் பில் பென்டர். 1980களில் போய், ஒரே குதிரைகள் இரண்டே மைதானங்களில் மாறி மாறி ஓடுகிற இடம் என்பதால், எல்லாத் தகவலையும் கணினியில் ஏற்றினார். ஆரம்ப வருடங்களில் அவருக்கும் நஷ்டம்தான். அப்புறம் தன் கணக்கை மட்டும் நம்பாமல், மைதானத்தில் ஓடுகிற ஆட்ஸையும் (ஜனங்கள் கட்டுவதை வைத்து அமைகிற 4/1, 2/1 மாதிரி ரேட்) அதோடு கலந்த பிறகுதான் கணக்கு வேலை செய்தது. ஊர் ஜனம் மொத்தமாகக் கட்டுவதில் அவருக்குத் தெரியாத ஏதோ ஒரு தகவல் இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. நம்ம ஆட்கள் நேர் எதிர், 'எனக்கு ஸ்டேபிளில் (குதிரை லாயத்தில்) ஆள் இருக்கு' என்பார்கள்.

கேலரி_குமார்
பென்டர் மாதிரி கோடி எடுக்க நான் கேட்கவில்லை சார். வரியைச் சேர்த்தே வைத்துக்கொள்வோம், 4/1 குதிரை என்றால் இனி 30 சதவீதத்துக்கு மேல் எழுதினால்தான் கட்டுவேன். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும், தேறட்டும். காத்திருக்க எனக்குக் கஷ்டமில்லை.

மாம்பலம்_கணக்கு
அந்த 30 சரியான 30தான் என்று எப்படித் தெரியும்? நோட்டு இருக்கிறதே, 30 என்று எழுதிய குதிரைகளை மட்டும் தனியாகப் பிரிங்க, கட்டியது கட்டாதது எல்லாம் சேர்த்து. உண்மையிலேயே பத்துக்கு மூன்று ஜெயித்திருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பத்துக்கு இரண்டு என்று வந்தால், நீங்க மாதம் முழுக்கக் காத்திருந்தாலும் அது தப்பான குதிரைக்குக் காத்திருந்ததுதான். இங்கேயே போடுங்க, எல்லாரும் பார்க்கலாம்.