ஹாஃப்வே ஹோமில் இருக்கிறவங்க கையில வாசல் சாவி: கொடுக்கலாமா, கூடாதா?

ஆனையூர்_அக்கா, காலை 7:10

நேத்து மனநல டாக்டர் யாரு நல்லாப் பாக்குறாங்கன்னு கேட்ட இழையில பழையவார்டன் ஒரு வரி போட்டுட்டுப் போனாரு. "ஹாஃப்வே ஹோம்ல இருக்கிறவன் கையில வாசல் சாவியைக் கொடுக்கிறது குரங்கு கையில பூமாலையைக் கொடுக்கிற மாதிரி." அதுக்கு 23 லைக் வேற. ராத்திரி பூராம் தூக்கம் இல்லை. அதான் தனி இழை.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய். முத தடவை வார்டுல இருந்து நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். மூணே மாசம். "நல்லாத்தானே இருக்கேன்"னு மாத்திரையை நிறுத்திட்டான், மறுபடியும் ஆஸ்பத்திரி. ரெண்டாவது டிஸ்சார்ஜ்ல வீட்டுக்குக் கூப்பிடாம, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுல தங்கிப் பழகுற ஹாஃப்வே ஹோம்ல சேர்த்தோம். ஒம்பது மாசம் ஆச்சு. ஆறு பேரு. காய் வாங்க ஒருத்தர், சோறு வடிக்க ஒருத்தர், பாத்திரத்துக்கு ஒருத்தர்னு முறை. வாரத்துல ஒருநாள் வட்டமா உக்காந்து யாரு கக்கூஸ் கழுவலைன்னு சண்டை போடுவாங்க, அதுக்குப் பேரு மீட்டிங். வாசல் சாவி ஆளுக்கு ஒண்ணு. ஒரு தடவை தொலைச்சதுக்கு அப்புறம் என் தம்பி அதை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டான். குளிக்கிறப்பக்கூட அவுக்கிறதில்லை. இவனா குரங்கு?

பழையவார்டன், காலை 7:34

"ஒரு தடவை தொலைச்சதுக்கு அப்புறம்." நான் எழுதலம்மா, நீங்களே எழுதிட்டீங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

31 வருஷம் ஆண்கள் வார்டு பாத்தவன் நான். நீங்க ஒரு தம்பியைப் பாத்திருக்கீங்க, நான் ஆயிரம் தம்பியைப் பாத்திருக்கேன். குரங்குன்னு சொன்னது நிர்வாகத்தை. பூமாலைதான் நோயாளி. பழமொழியைப் புரிஞ்சு படிக்கணும்.

கேள்வி ஒண்ணே ஒண்ணு. தொலைஞ்ச சாவி இப்ப யாரு கையில இருக்கு?

ஆனையூர்_அக்கா, காலை 7:41

நிர்வாகம் குரங்குன்னா, பூமாலை அவங்க கையில இல்ல இருக்கணும்? நீங்க எழுதினது "இருக்கிறவன் கையில". எழுதினதை மாத்தாதீங்க சார், ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

சாவி தொலைஞ்ச மறுநாளே பூட்டை மாத்திட்டாங்க. 850 ரூபா. அவ்வளவுதான் விஷயம்.

பழையவார்டன், காலை 7:43

850 யாரு கொடுத்தா?

சிம்மக்கல்_வக்கீல், காலை 8:20

நண்பர்களுக்கு வணக்கம். விவாதத்துக்கு முன் ஒரு தெளிவு தேவை. ஹாஃப்வே ஹோம் வேறு, காலம் முழுக்கத் தங்கும் காப்பகம் வேறு, போதை மறுவாழ்வு மையம் வேறு. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் சில மாதங்கள் தங்கி, சமைக்க, பஸ் ஏற, மாத்திரையைத் தானே எடுக்கப் பழகுகிற இடம்தான் ஹாஃப்வே ஹோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. அதன் 18ஆம் பிரிவு, அரசு தர வேண்டிய சேவைகளில் ஹாஃப்வே ஹோமையும் சேர்த்திருக்கிறது. 19ஆம் பிரிவு இன்னும் முக்கியம். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியே தங்க வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. ஆகவே நாம் எந்த வகை இல்லத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால்…

பழையவார்டன், காலை 8:22

வக்கீல் சார், தொலைஞ்ச சாவிக்குப் பூட்டு மாத்துற காசை யாரு கொடுக்கணும்னு எந்தப் பிரிவுல இருக்கு?

சிம்மக்கல்_வக்கீல், காலை 8:25

அப்படி ஒரு பிரிவு இல்லை.

பழையவார்டன், காலை 8:25

அதான்.

மாடக்குளத்தான், காலை 9:02

அக்கா, எங்க தொலைஞ்சுச்சு? போலீஸ்ல சொன்னீங்களா?

ஆனையூர்_அக்கா, காலை 9:10

அழகர் ஆத்துல இறங்குறப்ப, தல்லாகுளத்துல. ஆறு பேரும் சேர்ந்துதான் போனாங்க, கூட ஒரு ஸ்டாஃப். சட்டைப் பையில இருந்திருக்கு. அந்தக் கூட்டத்துல செயினு, செல்லுன்னு என்னென்னமோ போகுது. இவன் சாவி போச்சு.

மாடக்குளத்தான், காலை 9:14

தல்லாகுளத்துல ஆத்துல இறங்குறாரா? அங்க நடக்கிறது முத நாள் எதிர்சேவை, அழகரை எதிர்கொண்டு வரவேற்குறது. ஆத்துல இறங்குறது மறுநாள் விடியக்காலை, ஆழ்வார்புரம் பக்கம். மதுரைக்காரங்க இப்படி எழுதலாமா?

ஆனையூர்_அக்கா, காலை 9:17

ராத்திரி தல்லாகுளத்துல எதிர்சேவை பாத்துட்டு அப்படியே விடிய விடிய நடந்து ஆத்துக்குப் போனாங்க. போதுமா? எங்க ஐயா காலத்துல இருந்து அழகருக்குத் தண்ணி பீய்ச்சுற குடும்பம் நாங்க, எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழையவார்டன், காலை 9:20

சாவி தொலைஞ்ச இடமே உறுதியா தெரியல. லட்சக்கணக்கான ஜனம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாம ஆறு பேரு. இந்த நோய்ல ஒரு ராத்திரி தூக்கம் கெட்டா என்ன ஆகும்னு தெரியுமா? ஒரே ஒரு ஸ்டாஃப். எங்க காலத்துல ரெண்டு பேரைப் பல் புடுங்கக் கூட்டிட்டுப் போனாலே மூணு பேரு போவோம்.

மாடக்குளத்தான், காலை 9:26

உங்க காலத்துலதான் எல்லாம் சரியா இருந்துச்சு. பருத்திப்பால் இழையிலயும் இதைத்தான் சொன்னீங்க. விளக்குத்தூண் பக்கம் அந்தக் கடை இன்னும் இருக்குன்னு போட்டோ எடுத்துப் போட்டும் ஒத்துக்கலையே நீங்க!

பழையவார்டன், காலை 9:28

அது அதே கடை இல்லை. பேரு மட்டும்தான் அது.

எட்டாம்நம்பர்_ரூம், முற்பகல் 11:05

நான் இப்படி ஒரு இல்லத்துல 14 மாசம் இருந்தவன். யாரும் கேக்கல, ஆனாலும் எழுதுறேன்.

எனக்கு பைபோலார், மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய். அதுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுறேன். முத மூணு மாசம் எனக்கும் சாவி கிடையாது. மாத்திரை டப்பாவும் ஸ்டாஃப்கிட்டதான், காலையிலயும் ராத்திரியும் கையில தருவாங்க, முழுங்குறதைப் பாப்பாங்க. அப்புறம் ஒருநாளுக்கு உண்டானதை மட்டும் கொடுத்தாங்க. அப்புறம் ஒரு வாரத்துக்கு, ஏழு கட்டம் போட்ட டப்பா. கத்திரி வெயில்ல எனக்குக் கை நடுக்கம் வந்துச்சு. வேர்த்து வேர்த்து உடம்புல தண்ணி குறைஞ்சா லித்தியம் ரத்தத்துல ஏறிடும். அதைக் கண்டுபிடிச்சது ஸ்டாஃப் இல்லை, என் ரூம்காரர். டம்ளர் பிடிக்கிற விதத்தைப் பாத்தே சொன்னாரு. அன்னைக்கே ரத்தம் எடுத்தாங்க. அடுத்த நாள்ல இருந்து அவரே ஒரு மண்பானையை என் கட்டில் பக்கத்துல கொண்டாந்து வச்சாரு.

நாலாவது மாசம் காய் வாங்கத் தனியா அனுப்பினாங்க. 200 ரூபா, ஒரு மஞ்சப்பை. போறப்ப ஒண்ணும் இல்லை. திரும்பி வர பஸ்ஸுக்கு நிக்கிறேன், மூணு பஸ் போயிடுச்சு, எனக்குக் காலு நகரல. கத்தரிக்காய் வாங்கினோமா இல்லையான்னு பையைத் திறந்து திறந்து பாக்குறேன். நாலாவது பஸ்ல கண்டக்டர் "ஏறுப்பா"ன்னாரு, ஏறிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம்தான் சாவி கொடுத்தாங்க.

பழையவார்டன், முற்பகல் 11:12

பாத்தீங்களா? மூணு மாசம் சாவி கிடையாது. நான் சொன்னதுதான்.

எட்டாம்நம்பர்_ரூம், முற்பகல் 11:15

சார், அப்புறம் கொடுத்தாங்கன்னுதானே எழுதியிருக்கேன்.

பழையவார்டன், முற்பகல் 11:16

மூணு மாசம் கொடுக்கலைன்னும் எழுதியிருக்கீங்க. அதுவும் லித்தியம் ஏறினதை ஸ்டாஃப் கண்டுபிடிக்கலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இந்த லட்சணத்துல சாவி ஒரு கேடு. தங்கச்சி, அந்த 850 யாரு கொடுத்தா? இன்னும் பதில் வரல.

ஆனையூர்_அக்கா, முற்பகல் 11:40

என் தம்பி கொடுத்தான்! அவன் காசு! அங்க பேப்பர் கவர் ஒட்டுற வேலைக்குத் தர்ற காசுல மாசம் 100, 150ன்னு பிடிச்சுக்கச் சொல்லிட்டான். நான் தர்றேன்னேன், வேணாம்னுட்டான். உங்க வார்டுல ஆயிரம் தம்பியைப் பாத்தீங்களே, ஒரு தம்பியாவது தொலைச்ச பூட்டுக்குச் சொந்தக் காசு கட்டியிருக்கானா?

பழையவார்டன், முற்பகல் 11:44

எங்க வார்டுல பூட்டு தொலையாது.

ஆனையூர்_அக்கா, முற்பகல் 11:52

பூட்டு தொலையாது, சரி. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. ராமநாதபுரம் மாவட்டம், தர்கா பக்கத்துல ஒரு மனநலக் காப்பகம். ஓலைக்கொட்டகை தீப்பிடிச்சு 28 பேரு செத்தாங்க. ஓட முடியலை, ஏன்னா கட்டிப் போட்டிருந்தாய்ங்க. அன்னைக்குச் சாவி யாரு கையில இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்?

பழையவார்டன், முற்பகல் 11:55

அது சங்கிலி. நாம பேசுறது பூட்டு.

மாடக்குளத்தான், முற்பகல் 11:56

பூட்டு இல்லாம சங்கிலியை முடிச்சா போட்டாய்ங்க?

பழையவார்டன், நண்பகல் 12:01

ஏர்வாடியை இழுத்து என்னை அந்தப் பாவத்துல சேக்காதீங்க. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு வார்டுல நாங்க யாரும் மத்தியானச் சோறு திங்கல. நான் ஒருத்தனையும் கட்டிப் போட்டவன் இல்லை. ராத்திரி 9 மணிக்கு கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்தவன், தீப்பிடிச்சா முதல்ல எந்திரிக்கிறவன் நானா இருக்கணும்னு. பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு. இப்ப ஆறு சாவி, ஆறு பேரு, பொறுப்பு யாருகிட்ட?

திருநகர்_ஹவுஸ்ஓனர், பிற்பகல் 2:15

பொறுப்புன்னதும் எனக்கு ஒண்ணு. போன வருஷம் மாடி போர்ஷனைக் கேட்டு ஒரு இல்லத்துல இருந்து வந்தாங்க. தேறின நாலு பேரு தங்குவாங்க, வாடகை கரெக்டா வரும்னாங்க. நானும் சரின்னுட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் நைட்டோட நைட்டா தெருவுல கையெழுத்து வாங்கிட்டாரு. வேற வழியில்லாம இல்லைன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஆனையூர்_அக்கா, பிற்பகல் 2:21

வேற வழியில்லாமயா? உங்க வீடு, உங்க சாவி. முடியாதுன்னு அந்தக் கையெழுத்துப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே.

திருநகர்_ஹவுஸ்ஓனர், பிற்பகல் 2:24

நீங்க ஏன் உங்க தம்பியை உங்க வீட்டு மாடியில வச்சுக்கல?

சிம்மக்கல்_வக்கீல், பிற்பகல் 2:50

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். 1993இல் சென்னையில் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, ஹோம் அகெய்ன் என்ற திட்டத்தில் நாலைந்து பேரை ஊருக்குள்ளேயே சாதாரண வாடகை வீட்டில் ஒரு குடும்பம்போல வாழ வைக்கிறது. நம் ஊரிலேயே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை பல ஆண்டுகளாக மனநல மறுவாழ்வில் வேலை செய்கிறது. அவர்களிடம் போய்ச் சாவி நடைமுறை என்ன என்று கேட்டுவிட்டு வரலாமே?

பழையவார்டன், பிற்பகல் 2:53

சென்னைக் கதை சென்னைக்கு. நான் யாருகிட்டயும் போய்க் கேக்க வேண்டிய அவசியம் இல்லை, என்கிட்டதான் கேட்டுட்டுப் போவாங்க.

மாடக்குளத்தான், பிற்பகல் 2:58

கடைசியா எப்ப யாரு வந்து கேட்டாங்க?

பழையவார்டன், பிற்பகல் 2:59

உனக்குச் சொல்லணும்னு இல்லை.

மாடக்குளத்தான், பிற்பகல் 3:00

"உனக்கு"வா? மருவாதை!

நிர்வாகி, பிற்பகல் 3:30

ஒருமையில் பேச வேண்டாம். பருத்திப்பால் சண்டையை அந்த இழையிலேயே வைத்துக்கொள்ளவும். பழமொழி பற்றிய 11 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன.

எட்டாம்நம்பர்_ரூம், மாலை 5:40

அக்கா, ஒண்ணு கேக்கவா? அரைஞாண்ல சாவி கட்டினா வேர்வையில துரு ஏறும். நானும் கட்டியிருந்தேன். தேங்காண்ணெய் ஒரு சொட்டு விட்டுக்கச் சொல்லுங்க. வெளிய வந்து இப்ப நான் ரூம் எடுத்துத் தனியா இருக்கேன். அந்தப் பழைய சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப, சாவி மாட்டுற ஆணியில இன்னும் "8"னு சீட்டு ஒட்டி என் இடம் காலியாத்தான் இருந்துச்சு.

பழையவார்டன், மாலை 5:46

வெளிய போனவன்கிட்டயும் சாவி இருந்திருக்கு! எத்தனை நாளு? படிக்கிறவங்க கவனிக்கணும்.

எட்டாம்நம்பர்_ரூம், மாலை 5:48

ரெண்டு நாள் சார்.

பழையவார்டன், மாலை 5:48

ரெண்டு நாள்!

ஆனையூர்_அக்கா, இரவு 8:15

தம்பிகிட்ட போன்ல சொன்னேன், இப்படி ஒருத்தர் 850ஐப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாருன்னு. சிரிச்சான். பூட்டு வாங்கின பில்லைப் பத்திரமா வச்சிருக்கானாம், ஸ்டாஃப் போன்ல படம் எடுத்து அனுப்பியிருக்கான். கீழ போட்டிருக்கேன், கண்ணைத் திறந்து பாருங்க. கடை சீல் இருக்கு, 850ன்னு இருக்கு.

பழையவார்டன், இரவு 8:19

பாத்தேன். தேதி எங்க?