வால்மார்ட்டின் 1,600 கோடி டாலர் பெங்களூருக்கு வந்ததா?

கோரமங்களா_கோடர்:
அந்நிய முதலீடு வந்தால் உள்ளூர்த் தொழில் செத்துவிடும் என்று இங்கே ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது? 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது, அப்புறம்தான் இந்த ஊரின் முகமே மாறியது. 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலரை ஃபிளிப்கார்ட்டில் போட்டது. உள்ளூர் முதலாளி யாராவது அவ்வளவு கொண்டுவந்தார்களா?

பீன்யா_லேத்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். "செத்துவிடும்" என்று நான் எழுதவில்லை, "அந்நியப் பணம் வந்ததால் மட்டும் உள்ளூர்க்காரன் முதல் போடமாட்டான்" என்று எழுதினேன். சரி, உங்கள் 1,600 கோடிக்கு வருகிறேன். வால்மார்ட் வாங்கியது சுமார் 77 சதவீதப் பங்கு. அதில் கம்பெனிக்குள் புதிதாக வந்தது 200 கோடி டாலர். மீதியெல்லாம் சாப்ட்பேங்க், நாஸ்பர்ஸ் போன்ற பழைய பங்குதாரர்கள் கைக்குப் போனது. தாய்க் கம்பெனி பதிவானதே சிங்கப்பூரில். பங்கு கைமாறினால் ஊரில் ஒரு செங்கல் கூடுமா?

கோரமங்களா_கோடர்:
200 கோடி டாலர் உங்களுக்குச் சில்லறையாகத் தெரிகிறதா அண்ணே? பங்கை விற்ற ஃபிளிப்கார்ட் நிறுவனர் சச்சின் பன்சால் அதன் பிறகு நாவி என்ற நிதிக் கம்பெனியைத் தொடங்கினார். 2019-இல் ஏத்தர் என்ற மின்சார ஸ்கூட்டர் கம்பெனியில் 3.2 கோடி டாலர் போட்டார். அது உள்நாட்டு முதலீடு இல்லையா?

ஓசூர்க்காரன்:
ஏத்தரைப் பெங்களூர்க் கணக்கில் எழுதாதீர்கள். ஒயிட்ஃபீல்டில் இருந்த உற்பத்தி எங்கள் ஓசூருக்கு வந்து வருஷமாகிறது. தொடங்கியவர்களும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள்.

கோரமங்களா_கோடர்:
ஆபீஸ் எங்கே இருக்கிறது? பெங்களூரில்.

ஓசூர்க்காரன்:
வண்டியை ஆபீஸிலா செய்கிறார்கள்?

பீன்யா_லேத்:
ஓசூர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, ஒரு ஆள் திருப்பிப் போட்டார், ஒப்புக்கொள்கிறேன். சாப்ட்பேங்க் அந்தப் பணத்தில் எங்கள் பீன்யா தொழிற்பேட்டையில் ஷெட் போட்டதா? 1,600-இல் 200. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அல்சூர்_டீச்சர்:
இருவரும் வெவ்வேறு பொருளில் பேசுகிறீர்கள். புதிதாக ஆலை கட்டுவது ஒன்று, நடக்கிற கம்பெனியை வாங்குவது இன்னொன்று. அகோசினும் மேயரும் 2000-இல் ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட்டுக்காக 1970 முதல் 1996 வரையிலான கணக்கை ஆராய்ந்தார்கள். ஆசியாவில் அந்நிய முதலீடு உள்நாட்டு முதலீட்டையும் சேர்த்து இழுத்து வந்தது. லத்தீன் அமெரிக்காவில் அதை நெட்டித் தள்ளியது. முதலில் எதை முதலீடு என்கிறோம் என்று...

கோரமங்களா_கோடர்:
ஆசியாவில் இழுத்து வந்தது என்று டீச்சரே சொல்லிவிட்டார். போதும்.

பீன்யா_லேத்:
பாதியைப் படித்துவிட்டுப் போதும் என்கிறீர்கள். மெட்ரோ பற்றிப் பேசியபோதும் இதைத்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை. மாருதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் சுசூகிக்குக் கொடுத்தது 26 சதவீதம்தான். பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்தாக வேண்டும் என்று அரசு பிடித்த பிடியில் நின்றது. அதனால்தான் குர்கானைச் சுற்றி நம் ஆட்கள் முதல் போட்டு உதிரிபாகத் தொழில் வைத்தார்கள். இன்று அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் கார்க் கம்பெனிகளுக்கான அந்த மாதிரி நிபந்தனைகளை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்குப் போனார்கள், 2002-இல் இந்தியா தோற்றது.

என் கதையையும் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பர்சேஸ் ஆட்கள் என் ஷெட்டுக்கு வந்தார்கள். வி.எம்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) வாங்குங்கள், மாதம் 4,000 பீஸ் தருகிறோம் என்றார்கள். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து வாங்கினேன். பதினோரு மாதம் ஆர்டர் வந்தது. 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சிறுதொழிலுக்கான 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது, எனக்கு 120 நாளில் வந்தது. அப்புறம் அவர்கள் நாட்டு வெண்டரே தும்கூர் ரோட்டில் வந்து இறங்கினார். அந்த வேலைக்கென்று செய்த ஃபிக்ஸ்சரை, அதாவது பீஸைப் பிடித்து நிறுத்தும் சாதனத்தை, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரேக்கின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். இ.எம்.ஐ. இன்னும் ஓடுகிறது.

கோரமங்களா_கோடர்:
உங்களுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் ஒரு ஷெட்டின் கதை நாட்டுக் கணக்கு ஆகாது. தரம் சரியாக இருந்தால் ஆர்டர் ஏன் போகிறது?

பீன்யா_லேத்:
தரத்தைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது. பத்து மைக்ரான் டாலரன்ஸில் பதினோரு மாதம் கொடுத்தேன், ஒரு லாட்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்திருக்கிறீர்களா?

அல்சூர்_டீச்சர்:
நாட்டுக் கணக்குதானே வேண்டும்? ரிசர்வ் வங்கி மே 2025-இல் வெளியிட்டது: 2024-25-இல் வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர், வெளியே போனதைக் கழித்தால் நிகரம் சுமார் 35 கோடி.

கோரமங்களா_கோடர்:
டீச்சர், நம் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டதையும் கழித்துத்தான் அந்த 35. வெளிநாட்டுக்காரன் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடியது மாதிரி எழுதாதீர்கள்.

அல்சூர்_டீச்சர்:
ஓடியது என்று நான் எங்கே எழுதினேன்? ஆனால் நம் முதலாளியே ஏன் வெளியே போய்ப் போடுகிறார் என்று யோசியுங்கள்.

ஓசூர்க்காரன்:
வெளியே போக வேண்டாம், ஓசூருக்கு வரட்டும். அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டினால் போதும்.

கோரமங்களா_கோடர்:
பெங்களூர் இல்லாமல் ஓசூருக்கு யார் வந்திருப்பார்கள்?

ஓசூர்க்காரன்:
டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் எல்லாம் நீங்கள் லேப்டாப் வாங்குவதற்கு முன்பே வந்தாயிற்று.

பீன்யா_லேத்:
1,600-இல் 200. மூன்றாவது தடவை கேட்கிறேன்.

கோரமங்களா_கோடர்:
முதல் தடவையே பதில் சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

பீன்யா_லேத்:
படித்தேன். சச்சின் பன்சால் பெயர் இருக்கிறது, மீதிப் பணம் எங்கே போனது என்பது இல்லை. ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வருகிறேன், அதற்குள் எழுதி வையுங்கள்.