மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷனுக்கு எந்தப் பாட்டு? கர்நாடக சங்கீதம் பயின்ற மகளுக்காக ஒரு கேள்வி

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினோராம் வகுப்பை முடிக்கவிருக்கிறாள். மியூசிக்கல் தியேட்டரில் (பாட்டும் நடிப்பும் கலந்த இசை நாடகக் கலையில்) பி.எஃப்.ஏ. என்ற இளங்கலைப் பட்டம் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். மிச்சிகன், கார்னகி மெலன் பல்கலைக்கழகங்கள், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சி.சி.எம். ஆகியவை அவளுடைய பட்டியலில் முதலிடத்தில் உள்ளன. சிறு வயது முதல் கர்நாடக சங்கீதம் கற்று, ஐந்து கட்டையில் பாடுகிறவள். பள்ளி நாடகங்களில் பாடி நடித்திருக்கிறாள் என்றாலும், மேற்கத்தியக் குரல் பயிற்சியைச் சென்ற ஆண்டுதான் தொடங்கினாள்.

நேரடித் தேர்வுக்கு அழைப்பதற்கு முன் கல்லூரிகள் கேட்கும் ப்ரீஸ்கிரீன் காணொளிக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டுகள் வேண்டும் என்றும், அவற்றில் ஒன்று 1970க்கு முன்பும் மற்றொன்று பின்பும் எழுதப்பட்டதாக இருப்பது நல்லது என்றும் அவளுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பின்னதற்கு அவள் ‘வெயிட்ரெஸ்’ நாடகத்தில் கதாநாயகி தன் பழைய நாள்களை எண்ணிப் பாடும் சோகப் பாட்டைத் தேர்ந்திருக்கிறாள். எங்கள் நண்பர்களோ, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்திலிருந்து பாடினால் தனித்துத் தெரிவாள் என்கிறார்கள். கமகம் (சுரங்களை அசைத்துப் பாடும் முறை) பழகிய குரல் இந்தத் தேர்வில் குறையாகக் கருதப்படுமோ என்பது என் கணவரின் கவலை. இவ்வழியில் சென்றவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: குரல் பயிற்சி ஆசிரியை, சிகாகோ

சகோதரிக்கு வணக்கம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இந்தத் தேர்வுகளுக்காகத் தயார் செய்வது என் தொழில் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘வெயிட்ரெஸ்’. 2016இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்கு வந்த அந்த நாடகத்தில் இந்தப் பாட்டைப் பாடுகிறவள், கொடுமைக்காரக் கணவனுடன் வாழ்ந்துகொண்டு, எதிர்பாராத கர்ப்பத்தைச் சுமந்தபடி, தான் ஒரு காலத்தில் எப்படி இருந்தோம் என்று எண்ணி உடைந்துபோகும் பெண். உங்கள் மகளுக்கு அதன் சுரங்கள் எட்டும். ஆனால் திரும்பிப் பார்த்து ஏங்குவதற்கு அவளுக்கு இன்னும் அவ்வளவு இறந்தகாலம் இல்லை. தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகள் அவளுக்குக் கற்பிக்கப் போகிறவர்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி உண்மையாகவே விரும்பக்கூடிய, அஞ்சக்கூடிய, கேட்கக்கூடிய ஒன்றைப் பாடும்போதுதான் அவள் யார் என்பது அவர்களுக்குத் தெரியவரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்: பாட்டின் உச்ச சுரத்தைப் பார்ப்பதற்கு முன், யாரிடம், எதற்காகப் பாடுகிறோம் என்று பாருங்கள்.

அடுத்தது குரல். ஐந்து கட்டை என்றால் அவளுடைய ஆதார ஷட்ஜம், பியானோவின் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி என்ற சுரம். மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை பாடிப் பழகியவள் என்றால், கீழ் டி-யிலிருந்து மேல் டி வரை இரண்டு ஸ்தாயிகள் அவள் கைவசம் உள்ளன. அந்த எல்லை முழுவதையும் செஸ்ட் வாய்ஸிலேயே (பேசும் குரலின் கனத்துடன்) அழுத்திப் பாடும் வழக்கம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. அதனால் உரத்த, அழுத்தமான குரலில் பாடும் ‘பெல்ட்’ பாட்டுகள் இயல்பாக வந்துவிடும். ஆனால் 1940களிலும் 50களிலும் எழுதப்பட்ட சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரலுக்கான) பாட்டுகள் அந்த மேல் டி-யையும் தாண்டி எஃப், ஜி, ஏ என்று ஏறும்போது, மேல் சுரங்களுக்கான இலகுவான குரலாகிய ஹெட் வாய்ஸ் வேண்டும், அதுதான் அவள் பழகாத பகுதி. குழு இரண்டையும் கேட்க விரும்பும். ஆகையால் 1970க்கு முந்தைய பாட்டை, ஹெட் வாய்ஸை மென்மையாகக் காட்டக்கூடிய, ஆனால் கழுத்து நரம்பு புடைக்க எட்ட வேண்டிய சுரம் எதுவும் இல்லாத ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

என் மாணவிகளுக்கு நான் அடிக்கடி கொடுப்பது, இசையமைப்பாளர் ராட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹேமர்ஸ்டைனும் 1957இல் தொலைக்காட்சிக்காக எழுதிய ‘சின்ட்ரெல்லா’வில், அவள் தன் மூலையில் நாற்காலியில் அமர்ந்து தன்னை வெவ்வேறு ஆளாகக் கற்பனை செய்து பாடும் பாட்டு. வரிக்கு வரி ஒரு புதிய காட்சி தோன்றுவதால் நடிப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது. வேட்டைக்குப் போனவள் துப்பாக்கியை மறந்துவிட்டுச் சிங்கத்தின் முன் நிற்கும் இடத்தில் குழு சிரிக்கும். அதில் கல்கத்தாவைப் பெயர் சொல்லும் வரி ஒன்றும் வருகிறது. ஓர் இந்தியப் பெண்ணின் வாயிலிருந்து அது வேறு விதமாக ஒலிக்கும் என்பதால், அதை எப்படிப் பாடுவது, அல்லது அந்த வரி வராதபடி பகுதியைத் தேர்ந்தெடுப்பதா என்பதை உங்கள் மகளே முன்கூட்டி முடிவு செய்யட்டும்.

கமகம் குறித்து உங்கள் கணவர் கவலைப்பட வேண்டியதில்லை. சுருதி சுத்தமும் மூச்சுக் கட்டுப்பாடும் அவளுக்குப் பெரிய சொத்து. சொல்ல வந்தது முடிந்த பிறகும் உயிரெழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில்தான் குரல் தானாக அசைகிறது. மெட்டை எடுத்துவிட்டு, வரிகளை எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பலமுறை சொல்லிப் பார்த்து, அதன் பிறகு பாடச் சொல்லுங்கள். சுரத்தை வழுக்கிச் சென்று பிடிக்கும் பழக்கமும் இதனால் பெருமளவு நீங்கும்.

மறுமொழி: பியானோ வாசிப்பவர், பிட்ஸ்பர்க்

ஆசிரியை சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். பியானோவின் முன் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

காணொளிக்குப் பதிவு செய்த இசை போதும். நேரடித் தேர்வில் பல இடங்களில், அவளை அதற்கு முன் பார்த்தேயிராத ஒருவர் வாசிப்பார். சோன்ட்ஹைம், ஜேசன் ராபர்ட் பிரவுன் ஆகிய இசையமைப்பாளர்களின் பாட்டுகள் மிகச் சிறந்தவை; ஆனால் பியானோ பகுதி கடினமாக இருப்பதால், ஒத்திகையின்றி வாசிக்கும்போது தடுமாற்றம் நேரக்கூடும், அந்தத் தடுமாற்றத்தின் விலையைப் பாடுகிறவள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். சுருதியை மாற்றிப் பாடுவதாக இருந்தால், மாற்றிய சுருதியிலேயே அச்சிட்ட தாள் வேண்டும். அந்த இடத்தில் வந்து “அரைக் கட்டை இறக்கி வாசியுங்கள்” என்று கேட்பது நியாயமாகாது. தாள்களின் இருபுறமும் அச்சிட்டு, கோப்பில் தட்டையாக வைத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். வேகத்தைக் காட்ட விரலைச் சொடுக்க வேண்டாம். முதல் வரியை மெல்லிய குரலில் என்னிடம் பாடிக் காட்டினால் போதும்.

16 பார் (தாள அளவில் பதினாறு பகுதிகள் கொண்ட சிறு துண்டு) என்று கேட்டால், பாட்டின் உச்சப் பகுதியை மட்டும் பிய்த்து எடுத்துவந்து கொடுக்கிறார்கள். முன்கதை இல்லாத கதறலாக அது ஒலிக்கிறது. ஓர் எண்ணம் பிறந்து, மாறி, ஒரு முடிவுக்கு வரும் 16 பாரைத் தேடுங்கள். அதே பாட்டில் 32 பார் பகுதி ஒன்றையும் தயாராக வைத்திருப்பது நல்லது.

மறுமொழி: இரண்டாம் ஆண்டு பி.எஃப்.ஏ. மாணவி, ஒஹாயோ

ஆன்ட்டி, வணக்கம். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ பற்றி என்னிடமும் எல்லோரும் சொன்னார்கள். அது 2002இல் லண்டனிலும் 2004இல் பிராட்வேயிலும் மேடையேறியது. நம் முகங்களைப் பிராட்வே மேடையில் நிறுத்திய அந்த நாடகத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உங்கள் மகள் அதிலுள்ள பாட்டை விரும்பிப் பாடுகிறாள் என்றால் தாராளமாகப் பாடட்டும். இந்தியப் பெண் என்பதற்காக மட்டும் அதை அவள் தலையில் வைக்காதீர்கள். எந்த வேடம் நமக்குரியது என்பதை நாமே சுருக்கிக்கொண்டு தேர்வு அறைக்குள் நுழைய வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அதே வேளையில், கறுப்பினத்தவரின் வாழ்வையும் போராட்டத்தையும் மையமாகக் கொண்டு அவர்களுக்கென எழுதப்பட்ட பாட்டுகளை அவள் தொடாமல் இருப்பதே முறை.

கர்நாடக சங்கீதத்தைக் காட்ட வேறொரு நல்ல இடம் இருக்கிறது. பல கல்லூரிகள் ப்ரீஸ்கிரீனில் ‘வைல்ட் கார்டு’ என்ற குறுகிய காணொளி ஒன்றை விருப்பத்தின் பேரில் அனுப்ப அனுமதிக்கின்றன. ஒரு விருத்தத்தையோ சில ஆவர்த்தனக் கற்பனை சுரங்களையோ அங்கே முழு மனத்துடன் பாடட்டும்; கமகம் அங்கே அதன் முழு அழகுடன் நிற்கும்.

“வேறென்ன பாட்டு வைத்திருக்கிறாய்?” என்று நேரடித் தேர்வில் திடீரென்று கேட்பார்கள். அப்போது ஒரு நகைச்சுவைப் பாட்டு இருந்தால் உதவும். 2005இல் பிராட்வேக்கு வந்த ‘ஸ்பெல்லிங் பீ’ நாடகத்தில், தாய் இந்தியாவில் ஓர் ஆசிரமத்துக்குப் போய்விட, அகராதியைத் தோழியாக வைத்திருக்கும் ஆலிவ் என்ற சிறுமி பாடும் பாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளும் படித்தாள்; ‘வெயிட்ரெஸ்’ பாட்டை விட அவளுக்கு இன்னும் மனமில்லை என்றாலும், ‘சின்ட்ரெல்லா’ பாட்டைக் கேட்டுவிட்டு உடனே அதன் தாளைத் தேடத் தொடங்கிவிட்டாள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே இரண்டு பாட்டுகள் போதுமா?

மறுமொழி: குரல் பயிற்சி ஆசிரியை, சிகாகோ

பெரும்பாலும் போதும். பல கல்லூரிகள் பொதுவான ப்ரீஸ்கிரீன் விதிகளை ஏற்றுக்கொண்டிருப்பதால், ஒரே காணொளியைப் பல இடங்களுக்கு அனுப்பலாம்; 60 முதல் 90 விநாடி வரையிலான பகுதி என்பதே வழக்கம். ‘வெயிட்ரெஸ்’ பாட்டை வீட்டில் பாடட்டும், தடுக்க வேண்டாம். ‘சின்ட்ரெல்லா’ கற்பனையும் குறும்பும் நிறைந்தது என்பதால், அதனுடன் இணையும் இரண்டாம் பாட்டு ஒருவரிடம் நேருக்கு நேர் நின்று எதையோ கேட்பதாகவோ மறுப்பதாகவோ இருந்து, அவளுடைய பெல்ட்டையும் காட்டினால் மாறுபாடு தெளிவாகத் தெரியும். ஜூன், ஜூலையில் நான்கைந்து பாட்டுகளைப் பாடிப் பார்த்து, ஆகஸ்ட்டில் இரண்டை உறுதி செய்து, பள்ளி நாடக ஒத்திகைகளால் குரல் களைப்படையும் முன் செப்டம்பரில் பதிவு செய்துவிடுங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை; பதிவுக்கு முன் ஒவ்வொரு கல்லூரியின் இணையப் பக்கத்தையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.