ஸ்டோரி பொயின்டை மணித்தியாலமாக மாற்றச் சொல்கிறார்கள், மே மாதத்துக்குத் திகதியும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

கோணேசபுரி கோடர்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனில் இருந்து வேலை செய்கிற சின்ன டீம் எங்களுடையது. நாலு டெவலப்பர், ஒரு க்யூஏ (டெஸ்டிங் பார்க்கிற) அக்கா, நான் கோடும் எழுதிக்கொண்டு, ஸ்க்ரம் என்ற வேலைமுறையை டீமில் நடத்துகிற ஸ்க்ரம் மாஸ்டர் வேலையையும் பார்க்கிறேன். ஹோட்டல் முன்பதிவு சிஸ்டம் ஒன்று செய்கிறோம். கிளையன்ட் வெளிநாட்டில், இடையில் கொழும்பில் ஒரு மேனேஜர், இரண்டு கிழமை ஸ்பிரின்ட் (ஒரு தடவை திட்டமிட்டு வேலை முடிக்கிற காலத் துண்டு).

ஒவ்வொரு பிளானிங்கிலும் 40 ஸ்டோரி பொயின்ட் (ஒரு ஸ்டோரி, அதாவது ஒரு சின்ன வேலைத் துண்டு, மற்றதோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது என்று டீம் போடுகிற நம்பர்) அளவில் எடுக்கிறோம். முடிகிறது 25, நல்லாப் போனால் 28. மிச்சம் அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளுப்படும், அதையும் சேர்த்துத் திரும்ப 40. மேனேஜர் இப்போது ஒரு பொயின்ட் என்றால் நாலு மணித்தியாலம் என்று எழுதி வைக்கச் சொல்கிறார். கொழும்பில் இருக்கிற மற்ற டீம் 60 முடிக்கிறதே, உங்களுக்கு ஏன் 25 என்றும் கேட்கிறார். போன ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில் திரும்பிப் பார்க்கிற கூட்டத்தில்), கம்பஸ் முடித்து இப்போதுதான் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணா, இனி 3 என்று நினைக்கிறதை 8 என்று சொன்னால் பேச்சு வாங்கத் தேவையில்லைதானே" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

இன்னொன்று, மே மாதம் நம்ம பக்கம் சீசன் சூடு பிடித்துவிடும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் சிலவும் இந்தச் சிஸ்டத்தில் சேர இருக்கின்றன. அதற்குள் எட்டு ஸ்பிரின்ட்தான் இருக்கிறது, பேக்லாக்கில் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில்) 48 ஸ்டோரி. எப்போது முடியும், ஒரே பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். இதே நிலைமையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.


உவர்மலை அண்ணன்:

தம்பி, அந்த நாலு மணித்தியாலக் கணக்கை எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் என்ன நடக்கும் என்று போட்டுப் பாருங்கள். 25 பொயின்ட் என்றால் 100 மணித்தியாலம். நாலு டெவலப்பரை மட்டும் எடுத்தாலே இரண்டு கிழமையில் 320 மணித்தியாலம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். மிச்சம் 220 எங்கே என்பதுதான் அடுத்த கூட்டத்தில் கேள்வியாக வரும், அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் பொயின்ட் அதற்காக வந்த அளவே இல்லை.

பொயின்ட் வந்த கதையே இந்தச் சண்டைக்குள்தான். 1990களில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் வேலைமுறையைக் கொண்டுவந்த ஆட்கள் முதலில் வேலையை நாளில்தான் சொன்னார்கள். யாரும் குறுக்கிடாமல் இருந்தால் எத்தனை நாள் என்ற கணக்கு அது. உண்மையில் அதைப்போல மூன்று மடங்கு போகும். மூன்று நாள் வேலைக்கு ஏன் ஒன்பது நாள் என்று மேலே இருப்பவர்கள் கேட்கக் கேட்க, நாள் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பொயின்ட் என்று வைத்தார்கள். அந்த வட்டத்தில் இருந்த ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பொயின்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியென்றால் அதற்காக வருந்துகிறேன் என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் வருந்தியதற்கு ஒரு காரணம் உங்கள் மேனேஜர் இப்போது செய்கிற இந்த ஒப்பீடு, டீமுக்கு டீம் பொயின்டை வைத்துப் பார்ப்பது. அந்தக் கொழும்பு டீமின் 5 உங்கள் 2 ஆக இருக்கலாம், யாருக்குத் தெரியும்? நாளைக்கு நீங்களும் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் 75 வரும், வேலை அதே வேலைதான். உங்கள் கம்பஸ் தம்பி கேட்டதும் இதைத்தான். அவரைக் குறை சொல்லாதீர்கள், அடி வாங்குகிற இடத்தில் எவரும் அப்படித்தான் யோசிப்பார்.

மேனேஜரிடம் ஸ்க்ரம் முறையின் விதிகள் இருக்கிற ஸ்க்ரம் கைடைக் காட்டுங்கள். 2020 பதிப்பில் ஸ்டோரி பொயின்ட் என்ற சொல்லே கிடையாது. 2011இலேயே, ஸ்பிரின்டில் எடுக்கிற வேலைக்கு 'கமிட்மென்ட்' (உறுதிமொழி) என்றிருந்ததை எடுத்துவிட்டு 'ஃபோர்காஸ்ட்' (முன்கணிப்பு) என்று மாற்றிவிட்டார்கள்.

அப்புறம், அடுத்த ஸ்பிரின்டில் 25 மட்டும் எடுங்கள். போன முறை முடித்த அளவுதான் இந்த முறை எடுக்கிற அளவு. 40 எடுக்கிற வரைக்கும் உங்கள் டீம் ஒவ்வொரு இரண்டு கிழமையும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும், அது பிள்ளைகளை உள்ளே அரித்துவிடும்.


சல்லி க்யூஏ:

அண்ணன் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் பொயின்ட் போடுகிற அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நான் டெஸ்டிங் பக்கம் இருந்து சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் எப்படி நம்பர் போடுகிறீர்கள்? ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டுகிற மாதிரியா? நம்ம ஊர்ப் பிள்ளைகள் மூத்தவர் வாய் திறந்தபிறகு வேறு நம்பர் சொல்ல மாட்டார்கள், அது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். அண்ணா 3 என்றால் எல்லோருக்கும் 3. பிளானிங் போக்கர் என்ற முறையில் நம்பர் எழுதிய கார்டைக் கவிழ்த்து வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புவது இதற்காகத்தான். 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் அதை எழுதினார், அதற்கு முன்பே பாரி போம் 1970களில் வைட்பேண்ட் டெல்ஃபை என்று இதே மாதிரி ஒன்றைச் செய்திருந்தார். கார்டு இல்லாவிட்டால் குழு அரட்டையில் எல்லோரும் நம்பரை டைப் பண்ணி வைத்துவிட்டு, சொன்னவுடன் ஒரே தடவையில் அனுப்பினாலும் சரி. கம்பஸ் தம்பியை முதலில் விளக்கச் சொல்லுங்கள், மூத்தவர்கள் கடைசியில்.

நம்பர் பிரிகிற இடத்தில் அவசரப்படக்கூடாது. உங்களுடையது ஹோட்டல் சிஸ்டம் என்பதால் ஒரு உதாரணம். முன்பதிவு ரத்து என்று ஒரு ஸ்டோரி வருகிறது. டெவலப்பர் 3 என்கிறார், ஒரு பட்டன், டேட்டாபேஸில் ஒரு மாற்றம், ஒரு ஈமெயில். க்யூஏ 13 என்கிறார். ஏன் என்று கேளுங்கள். விருந்தாளி லண்டனில் இருந்து குளிர்கால இரவு 11 மணிக்கு ரத்துச் செய்தால் நிலாவெளியில் அடுத்த நாள் காலை 4.30. இலவசமாக ரத்துச் செய்கிற கடைசி நாள் யாருடைய நாள்? கார்டுக்குக் காசு திரும்பிப் போகச் சில நாள் எடுக்கும், அதுவரை அறையை வேறு ஆளுக்கு விற்கலாமா? இரண்டு அறை எடுத்தவர் ஒன்றை மட்டும் ரத்துச் செய்தால்? இதெல்லாம் க்யூஏவின் தலையில் இருக்கிறது, ஸ்டோரியில் ஒரு வரிகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் 8 என்று முடித்துவிட்டால் இந்த விஷயங்கள் ஸ்பிரின்டின் கடைசி வியாழக்கிழமை வெளியே வரும்.

உங்கள் 40க்கும் 25க்கும் இடையில் இருக்கிற 15 பெரும்பாலும் இப்படி யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளாகத்தான் இருக்கும். டெஸ்டிங்கைப் பொயின்டுக்குள் சேர்க்கிறீர்களா என்றும் பாருங்கள். கோட் முடிந்த அளவுக்கு மட்டும் நம்பர் போடுகிற டீம்கள் நிறைய.


கிண்ணியா டெலிவரி:

நான் ஊர் கிண்ணியா, வேலை கொழும்பில், மேனேஜர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவன். முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: திகதி கேட்பது பிழை இல்லை. விடுதிக்காரர் மே மாதத்துக்கு ஆள் எடுக்க வேண்டும், விளம்பரம் போட வேண்டும், பழைய பதிவுப் புத்தகத்தை எப்போது மூடுவது என்று முடிவு செய்ய வேண்டும். எங்களுக்குத் திகதி தெரியாது என்று டீம் சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? பதில் சொல்லத்தான் வேண்டும், ஒற்றைத் திகதியாகச் சொல்லாமல் எல்லையோடு சொல்ல வேண்டும்.

பொயின்டை ஒரு பக்கம் வையுங்கள். ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் எத்தனை ஸ்டோரி முழுசாக முடிந்தது என்று ஜிராவில் (வேலைகளைப் பதிகிற மென்பொருளில்) எண்ணுங்கள். உதாரணத்துக்கு 5, 7, 4, 8, 6, 6 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6, எட்டு ஸ்பிரின்டுக்கு 48. ஆகா, சரியாக முடிகிறதே என்று தோன்றும். ஆனால் சராசரியை வைத்துச் சொன்ன திகதி ஏறக்குறைய பாதிக்குப் பாதி தவறும். எக்செல்லில் அந்த ஆறு நம்பரில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எட்டு எடுத்துக் கூட்டச் சொல்லுங்கள், அதை ஆயிரம் தரம் செய்யச் சொல்லுங்கள். 100க்கு 85க்கு மேற்பட்ட தடவை 44 அல்லது அதற்கு மேல் வரும். மொன்டே கார்லோ முறை என்று சொல்வது இவ்வளவுதான். ஆறு நம்பர் குறைவு என்பதால் நானென்றால் வெளியே 40 என்று சொல்வேன். அந்த 40 எது என்று கிளையன்டோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துங்கள், விடுதி திறக்க அவசியமானது முதலில், மற்ற 8 பிறகு.

டீமின் ஊகத்தை மட்டும் நம்பி நான் திகதி சொல்ல மாட்டேன், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். 1994இல் உளவியலாளர் ரோஜர் புஹ்லரும் மற்றவர்களும் பட்டப்படிப்பு ஆய்வறிக்கை எழுதுகிற மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால்கூட 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். ஆக, மோசமான நிலையை நினைத்துச் சொன்னதும் போதவில்லை. நடந்து முடிந்ததை எண்ணினால் இந்த ஆசை உள்ளே வராது.

விடுமுறையையும் இப்போதே கழியுங்கள். மாதாமாதம் போயா (முழுநிலா நாள்), பொங்கல், பெப்ரவரி 4, சிவராத்திரி, சித்திரைப் புத்தாண்டு, டீமில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் பெருநாள். ஏப்ரல் ஸ்பிரின்ட் ஒன்று பாதியாகத்தான் வரும். வெளிநாட்டு கிளையன்டுக்குப் போயா என்றால் என்னவென்றே தெரியாது, நாட்காட்டியை அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, ஒரு ஸ்டோரியில் கை வைத்து வேலை செய்த நாள் எத்தனை, அது சும்மா கிடந்த நாள் எத்தனை என்று பாருங்கள். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவுக்குப் பாதையில் (மிதவைப் படகில்) போய்வந்தவர்களுக்கு விளங்கும், தண்ணீரைக் கடக்கிற நேரம் கொஞ்சம், கரையில் காத்துக்கிடக்கிற நேரம்தான் அதிகம். உங்கள் ஸ்டோரிகளும் ரிவ்யூவுக்கும் கிளையன்ட் பதிலுக்கும் காத்துக்கிடந்திருக்கும். ஒரே நேரத்தில் திறந்து வைக்கிற ஸ்டோரியைக் குறைத்தால் ஒவ்வொன்றும் சீக்கிரம் முடியும்.


உவர்மலை அண்ணன்:

எண்ணுவது நல்லதுதான். ஆனால் பொயின்டை முழுக்கத் தூக்கி எறியச் சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சல்லித் தங்கச்சி சொன்ன 3க்கும் 13க்கும் நடுவிலான கதை நடக்க ஏதோ ஒரு நம்பர் வேண்டும். டீமுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளட்டும், கொழும்புக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டில் அது போகவேண்டாம். அத்தோடு, ஸ்டோரியை எண்ணுவதென்றால் ஒன்று யானை அளவும் ஒன்று எலி அளவும் இருக்கக்கூடாது.


கிண்ணியா டெலிவரி:

அது சரிதான் அண்ணன். 8 பொயின்டுக்கு மேல் வருகிற எதையும் உடைத்துவிட்டு எண்ணினால் போதும். எல்லாம் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை.


கோணேசபுரி கோடர்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஜிராவைத் தோண்டிப் பார்த்தேன். பேமென்ட் கேட்வே (கார்டில் காசு எடுக்கிற சேவை) சம்பந்தமான ஸ்டோரிகள் எல்லாம் டெஸ்ட் அக்கவுன்டுக்காகக் கிடந்திருக்கின்றன, கோட் எழுதிய நாளைவிடக் கிடந்த நாள் அதிகம். இதை மேனேஜரிடம் காட்டினால் மணித்தியாலக் கதையைவிட உருப்படியாக ஏதாவது செய்வார் என்று நம்புகிறேன், அந்த அக்கவுன்ட் அவர் கேட்டால்தான் கிடைக்கும்.

சல்லி அக்கா, ரத்து ஸ்டோரி எங்களிடமும் இருக்கிறது, அப்படியே ஒற்றை வரியில்! முழுப் பணம் திரும்புவது, பாதி திரும்புவது, இரண்டில் ஒரு அறை மட்டும் என்று மூன்றாக உடைக்கப் போகிறோம். ஒரு சந்தேகம், பக் (கோட் பிழை) வந்தால் அதையும் எண்ணிக்கையில் சேர்க்கிறதா?


சல்லி க்யூஏ:

முடிக்காத ஸ்டோரியில் வந்த பக் என்றால் அந்த ஸ்டோரியே முடியவில்லை, தனியாக எண்ணாதீர்கள். லைவில் (ஆட்கள் பாவிக்கிற சிஸ்டத்தில்) வந்த பழைய பக் என்றால் தனி டிக்கெட், ஆனால் 48இல் இருந்து அதைக் கழிக்கக்கூடாது, அது புதிதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் பேக்லாக்கில் எத்தனை கூடியது என்றும் ஒரு கொலம் வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த மூன்று ஸ்டோரியையும் இங்கே போடுங்கள், லண்டன் நேரத்துக்கான டெஸ்ட் கேஸ் நான் எழுதித் தருகிறேன்.