ஜெனரேட்டர் இழுக்கும் பிக்கப்புக்கு எக்ஸ்ட்ரா பட்டையா, ஏர் பேக்கா?

கம்பம் பவர்:
திருவிழா, கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். டிரெய்லரை பிக்கப்பில் கோத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை வரை போவேன். கோத்ததும் பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். லோயர்கேம்ப் தாண்டி மலையேறினால் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் லேசாகிவிடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே இறங்குகிற பஸ் டிரைவரின் கண்ணில் அடிக்கும். அதனால் தை மாதம், பின் அச்சில் வண்டியைத் தாங்கும் வில் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். இழுக்கும்போது இப்போது வண்டி மட்டமாக நிற்கிறது. ஆனால் வெறும் வண்டியாகப் போனால் பின்பக்கம் குதிக்கிறது. போன வாரம் தூறலில், பவர்ஹவுஸ் குழாய்கள் தெரிகிற வளைவில் ஒரு மேடு தூக்கிப்போட்டு, பின் சக்கரம் அரை அடி வழுக்கியது. முதுகு ஆபரேஷன் ஆன அப்பா இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறார். பட்டையைக் கழற்றிவிட்டு ஏர் பேக், அதாவது அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்துக் காற்றடிக்கும் ரப்பர் பை, போடலாமா?

பட்டை மேஸ்திரி:
தம்பி, பட்டையைக் குறை சொல்லாதீர்கள், போட்ட விதம்தான் தப்பு. முழு நீளப் பட்டையைப் பழைய பட்டைக் கட்டோடு சேர்த்திருப்பார்கள். அது காலி வண்டியிலும் சேர்ந்து வேலை செய்யும், அதனால்தான் குதிக்கிறது. மேலே தனியாக ஹெல்பர் பட்டை வைத்தால், பாரம் ஏறிப் பின்பக்கம் இறங்கும்போதுதான் அது சேஸிஸில் உள்ள பேடில் போய் முட்டும். காலியில் அதற்கு வேலையே இல்லை. பை ரப்பர்தானே? ராத்திரி இரண்டு மணிக்கு நடு மலையில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள்? பட்டையில் ஒன்று உடைந்தாலும் மெல்ல உருட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

மெட்டு ரோடு:
மேஸ்திரி அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஹெல்பர் பட்டைக்கு இருப்பது ஒரே அளவு. இவர் ஒரு நாள் டிரெய்லர் இழுப்பார், மறுநாள் அப்பாவை ஏற்றிப்போவார். பையில் காலிக்கு ஐந்து பி.எஸ்.ஐ. விட்டால் போதும். கோத்த பிறகு வண்டி பழைய மட்டத்துக்கு வரும்வரை ஏற்றிக்கொள்ளலாம். நான் இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு வைத்திருக்கிறேன். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும்.

பட்டை மேஸ்திரி:
அப்படியானால் சேஸிஸைப் பற்றியும் சொல்லுங்கள். பட்டை பாரத்தை முன்னும் பின்னுமாக, அதன் இரு நுனியையும் சேஸிஸில் மாட்டும் இரண்டு ஹேங்கரில் பிரித்துக் கொடுக்கிறது. பை அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. பின்னால் கொக்கி கீழே இழுக்க, நடுவில் பை மேலே தள்ள, சேஸிஸ் வளைந்த வண்டி என் பட்டறைக்கே வந்திருக்கிறது.

மெட்டு ரோடு:
வளையும், மறுக்கவில்லை. அளவுக்கு மேல் பாரம் ஏற்றி, கல்லு மாதிரி காற்றடித்து, குழியில் விட்டால் வளையும். அது பாரத்தின் குற்றம் அண்ணே.

வாளையாறு லோடு:
இருவரும் ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள். கொக்கியில் எத்தனை கிலோ இறங்குகிறது? டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் பிக்கப்பின் முன்பக்கம் தூக்கும். ஏலக்காய் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசை மட்டத் தரையில் வைத்து, கொக்கி உயரத்துக்குக் கட்டை அடுக்கி, அதன்மேல் டிரெய்லர் மூக்கை இறக்கிப் பாருங்கள்.

பட்டையோ பையோ, எதைப் போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அனுமதி எடை அதிகமாகிவிடாது. அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்குமேல் டன்னுக்கு 2,000. அதைவிடப் பெரிய பயம் எனக்குப் பிரேக்தான். பல பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு சின்ன ராடு சேஸிஸில் உள்ள வால்வுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பின் சக்கரத்துக்குப் பிரேக்கைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினால், பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்துவிடும். குமுளியிலிருந்து ஜெனரேட்டரோடு இறங்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பட்டை மேஸ்திரி:
இது உண்மை. பட்டை போட்டதும் ராடை செட் பண்ணாமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை. பலர் விட்டுவிடுகிறார்கள்.

கம்பம் பவர்:
நேற்று நிறுத்துப் பார்த்தேன். டிரெய்லர் மொத்தம் 1,250 கிலோ, கொக்கியில் 215. அதாவது 17 சதவீதம். டிரெய்லர் மூக்கில் 90 கிலோ கேபிள் சுருள்களை வைத்திருந்தேன். அவற்றை டிரெய்லர் அச்சுக்கு மேலே மாற்றியதும் 148 ஆனது. கோத்துப் பார்த்தால் பின்பக்கம் முன்புபோல இறங்கவில்லை. குனிந்து ராடையும் பார்த்தேன், பட்டை போட்ட பட்டறைக்காரர்கள் அதைத் தொடவே இல்லை.

மெட்டு ரோடு:
அப்படியென்றால் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள். தேய்ந்த ஷாக்கால் அந்தக் கெட்டிப் பட்டையின் துள்ளலைப் பிடிக்க முடியாது. அப்புறமும் இறங்கினால் பை.

பட்டை மேஸ்திரி:
ஷாக்கை மாற்றட்டும், சரி. அப்புறமும் இறங்கினால் ஹெல்பர்தான், பை வேண்டாம். தம்பி, வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள். கூடுதல் பட்டைகளைக் கழற்றி, ராடை செட் பண்ணித் தருகிறேன். வரும்போது டிரெய்லரையும் கோத்து வாருங்கள், காலி வண்டியை வைத்து அதை செட் பண்ண மாட்டேன்.